மாதிரிக் கையெழுத்து

என் அப்பா தினமும் காலையில், காப்பி வருவதற்கு முன், ஒரு நாற்பது பக்க நோட்டில் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றும் வரைகிறார். தேதியை நான் போடுகிறேன். 2022 ஐப்பசியில் தொடங்கியது. இதை ஒரு சடங்கு என்றோ குறியீடு என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். எதைப் பார்த்தாலும் குறியீடு தேடும் வியாதி நம்மிடையே கொஞ்சம் அதிகம். இது வெறும் பரிசோதனை. கல்லீரல் கெட்டுப்போன ஒருவரின் மூளை இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை, ரத்தம் எடுக்காமல், வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ள டாக்டர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் வழி.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர். கும்பகோணத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில், தகரக் கொட்டகையும் சாய்வு மேஜையும். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில் என்று பிறர் சொத்துக்கள் எல்லாம் அவர் கை வழியாகப் போயின. அவர் கையில் நின்றது ஒரு ஓட்டு வீடு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒரு நகலைக் கையால் எழுதிப் பார்த்த பிறகுதான் டைப்புக்குக் கொடுப்பார். அவர் கையெழுத்தில் பெயருக்குக் கீழே ஒரு கோடு இருக்கும், கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். ஏன் அந்தப் புள்ளிகள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கோடு சும்மா கெடந்தா எவனாவது அதும்மேல ஏறி உக்காந்துடுவான்டா" என்றார்.

நான் வங்கிக் குமாஸ்தா. காசோலையில் இருக்கும் கையெழுத்தையும் கணக்குத் தொடங்கியபோது வாங்கிவைத்த மாதிரிக் கையெழுத்தையும் ஒப்பிடுவது என் வேலையில் ஒரு பகுதி. அந்த நாள் அட்டைகளின் இடத்தில் இப்போது திரையில் ஒரு சிறு சதுரம். பார்வை மட்டும் பழைய பார்வைதான்: வளைவு சரி, அழுத்தம் சரி, கடைசி இழுப்பு சந்தேகம். அப்பாவைத் தினம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், மாறினால் அழைத்து வாருங்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னபோது, பத்திர எழுத்தரின் கையெழுத்தை வங்கிக் குமாஸ்தாவிடம் ஒப்படைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

2021 இல் அப்பாவுக்குக் கால் வீங்கியது; பிறகு வயிறு. ஸ்கேன் எடுத்தார்கள். சிரோஸிஸ். இருபது வருஷச் சர்க்கரையும் அதோடு சேர்ந்த கொழுப்பும் ஈரலில் தங்கித் தங்கி, ஈரல் தழும்பேறி இறுகிவிட்டது. 'சிரோஸிஸ்' என்ற பெயரை 1819 இல் வைத்தவர் லென்னெக் என்ற பிரெஞ்சு டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தாராம். பெயரில் நிறம் இருக்கிறது, காரணம் இல்லை. ஆனால் ஊருக்குக் காரணம் தெரியும். "குடிப்பாரா?" என் கிளையில் மூன்று பேர், சொல்லிவைத்தாற்போல், முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டார்கள். இல்லை, வாழ்நாளில் தொட்டதில்லை என்று நானும் ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலில் ஒரு அசிங்கம் இருப்பது, வார்டில் பக்கத்துக் கட்டிலில் குடித்தே வந்து சேர்ந்த ஒரு லாரி டிரைவரின் மனைவி நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் அப்பா நிரபராதி என்று நான் கூவக் கூவ, அவள் புருஷன் குற்றவாளியாகிக் கொண்டிருந்தான். இரண்டு வயிற்றிலும் ஒரே நீர்தான். 2023 இல் உலக மருத்துவர்கள் கூடி, கொழுப்பால் வரும் இந்த ஈரல் நோயின் பெயரிலிருந்து 'மது' என்ற சொல்லையும் 'கொழுப்பு' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள், நோயாளிக்கு அவமானமாக இருக்கிறது என்று. நல்லதுதான். ஆனால் ஊர் வாய்க்கு வைத்தியச் சங்கங்களின் தீர்மானம் எட்டாது.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. ஈரல் சம்பந்தப்பட்ட மற்றதெல்லாம், வயிற்று நீர், கால் வீக்கம், உணவுக்குழாயில் புடைத்து எந்த நேரமும் வெடிக்கலாம் என்று நிற்கும் ரத்தக் குழாய்கள் எல்லாம், உடம்பின் விவகாரங்கள். மாத்திரை உண்டு, ஊசி உண்டு, குழாயை உள்ளே விட்டுப் புடைப்பைச் சுருக்குப் போட்டுக் கட்டிவிடும் வித்தை உண்டு. வீட்டைக் குலைப்பது இன்னொன்று. நாம் தின்பதை, முக்கியமாகப் புரதத்தை, குடல் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். இறுகிய ஈரலால் முடிவதில்லை. போதாததற்கு ரத்தமும் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகிறது. விஷம் மூளைக்கு ஏறுகிறது. ஆள் மாறுகிறான்.

இது புதிய அறிவும் அல்ல. ரஷ்யாவில் எக் என்பவர் 1877 இல், குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை ஈரலுக்குப் போகாமலே திருப்பிவிடும் ஒரு அறுவையை நாய்களுக்குச் செய்தார். 1893 இல் பாவ்லவும் அவர் சகாக்களும் அதே அறுவையைச் செய்து கவனித்து எழுதினார்கள். மணியடித்து எச்சில் ஊற வைத்த அதே பாவ்லவ்தான், அது பிற்பாடு. சாதுவாக இருந்த நாய்கள் முரண்டு பிடித்தன, கிட்டே போனால் சீறின. இறைச்சி போட்டால் நிலை இன்னும் மோசமாகி வலிப்பு கண்டது. நாய்க்கும் சுபாவம் என்று ஒன்று உண்டு, அது ஈரலைப் பொறுத்தது என்று ஆயிற்று. லண்டனில் ஷெய்லா ஷெர்லாக்கும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 1954 இல் மனிதர்களிடம் இதை விவரித்து ஒரு பெயரும் வைத்தார்கள். நாம் இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, பயத்தை ஈரக்குலையில் வைத்தோம், பரிவை ஈரம் என்றோம். இந்த மாதிரிப் பொருத்தங்களில் நான் அதிகம் மயங்குவதில்லை. ஆனாலும் இது சும்மா விட்டுவிடக்கூடியதும் இல்லை.

2022 இல், ஒரு வாரமாக அப்பா பகலெல்லாம் தூங்கினார். இரவெல்லாம் கூடத்தில் நடந்தார். நாங்கள் அதை வயசு என்று எடுத்துக்கொண்டோம். இரவும் பகலும் புரளுவது முதல் அடையாளங்களில் ஒன்று என்று பின்னால் தெரிந்தது. ஒரு காலை சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாற்பது வருஷத்தில் அவர் வாயில் அப்படி ஒன்று வந்து நாங்கள் கேட்டதில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். மதியத்துக்குள் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. டாக்டர் கைகளை நீட்டச் சொல்லி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். கைகள் நிற்கவில்லை, பறவை சிறகு தட்டுவதுபோல் விழுந்து விழுந்து எழுந்தன. மூன்று நாள் மலம் போகாமல் இருந்ததும் வயிற்று நீரில் கிருமி சேர்ந்ததும் காரணம் என்றார். நாலாம் நாள் அப்பா திரும்பி வந்தார். அந்த நாலு நாளில் எதுவும் அவர் நினைவில் இல்லை. அம்மாவின் நினைவில் இருந்தது.

"அது அவர் இல்லம்மா, அம்மோனியா" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். "அம்மோனியாவுக்கு எப்புடிடா எங்க அப்பா பேரு தெரியும்?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. வசவு அம்மாவின் பிறந்த வீட்டைப் பற்றியது; நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு கணக்கு. விஷம் வார்த்தைகளைச் சிருஷ்டிப்பதில்லை, இருப்பதைத்தான் அவிழ்த்துவிடுகிறது. அப்படியானால் அந்த வார்த்தை யாருடையது? நாற்பது வருஷம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தவர் என் அப்பா என்றால், சொன்னவர் யார்? சொல்லாமல் அடக்கி வைத்திருந்த அந்த அடக்கம்தான் மனிதன், உள்ளே கிடப்பது வெறும் சரக்கு என்று நான் ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருக்கிறேன். ஃப்ராய்டைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அம்மா ஃப்ராய்டைப் படித்தவளல்ல, அவளும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்ட்ராஸன் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1962 இல் சுதந்திரத்தையும் மனத்தாங்கலையும் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தியிருக்கிறார். அதன் சாரத்தை என் வார்த்தையில் சொன்னால்: இன்னொரு மனிதனிடம் நாம் இரண்டு விதமாக இருக்க முடியும். ஒன்றில், அவன் செய்ததற்கு வருந்துகிறோம், கோபப்படுகிறோம், நன்றி பாராட்டுகிறோம், மன்னிக்கிறோம். மற்றதில், அவன் நமக்கு ஒரு பிரச்சினை: கையாளப்பட வேண்டியவன், வைத்தியம் பார்க்கப்பட வேண்டியவன், ஜாக்கிரதையாக நடத்தப்பட வேண்டியவன். பைத்தியத்திடம், சின்னக் குழந்தையிடம் இரண்டாவது விதத்தில் இருக்கிறோம். ஸ்ட்ராஸன் கூடவே இன்னொன்றும் கவனிக்கிறார். சாதாரண மனிதர்களிடமும் சில சமயம் இந்த இரண்டாவது நிலைக்கு ஒதுங்கிக்கொள்கிறோம். உறவின் பளு தாங்காதபோது ஒரு சத்திரத்துத் திண்ணைபோல அது உபயோகப்படுகிறது. அப்படி ஒதுங்கிவிட்டவனால் எதிராளியோடு உண்மையாகச் சண்டை போட முடியாது. போடுவதாகப் பாவனை செய்யலாம்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது இதெல்லாம் என் கண்ணில் படவில்லை. நோட்டு தொடங்கி ஒரு வருஷம் கழித்து வேறு ஏதோ தேடும்போது அகப்பட்டது. படித்தபோது தத்துவம் படிக்கிற உணர்வே இல்லை. யாரோ எங்கள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது அதில் கிடைக்கவில்லை. காலையில் ஒரு பக்கமும் சாயங்காலம் மறுபக்கமும் இருந்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று தெரியாத ஒரு மனிதரோடு எப்படி இருப்பது? தப்பான பக்கம் நின்று அவரைச் சந்தித்துவிட்டால்?

தப்பான பக்கம் நின்றுதான் சந்தித்தோம், பல மாதம். உப்பை எடுத்துக்கொள்வோம். வயிற்றில் நீர் சேராமல் இருக்க உப்பைக் குறைக்க வேண்டும். நாளுக்கு ஐந்து கிராம், ஒரு சின்ன ஸ்பூன் அளவு, எல்லாம் சேர்த்து. ஒரு வீட்டில் இரண்டு குழம்பு வைப்பதில்லை என்று அம்மா தீர்மானித்தாள். எல்லோருக்கும் அந்தக் குறைந்த உப்புதான். ஊறுகாய் ஜாடி பரணில் ஏறியது. ஒரு ராத்திரி அப்பா ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "இதத் தின்னு உசுர் வாழறதுக்கு…" என்று சத்தம் போட்டார். அம்மா பதில் பேசவில்லை. உள்ளே போய் லாக்டுலோஸ் பாட்டிலையும் மூடியையும் எடுத்து வந்து, அளவாக ஊற்றி, அவர் முன்னால் நீட்டினாள். குடலில் அம்மோனியாவைப் பிடித்து வெளியே தள்ளும் சிரப் அது. வெல்லப் பாகு மாதிரி தித்திக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை வெளிக்குப் போகும்படி அளவை வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா அந்த மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, இந்த வீட்ல நான் கோவிச்சுக்கிட்டா உடனே பேதி மருந்தா?"

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும். அப்பா சிரிக்கவில்லை. எனக்கும் அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. ரசத்தில் உப்பில்லை என்பது உண்மை. உப்பில்லாத ரசத்துக்குக் கோபப்படுவது தமிழ்நாட்டில் எந்த ஆணுக்கும் உள்ள, அவ்வளவு மெச்சத்தக்கதல்லாத, பாத்தியதை. அதை நாங்கள் அவரிடமிருந்து எடுத்துவிட்டிருந்தோம். அவர் கோபம் ஒரு வாக்கியமாக எங்களை வந்தடையவில்லை. ஜுரம் மாதிரி வந்தது. ஜுரத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், அன்றைக்கு அவரை எங்கள் அன்பில் இருந்தே நாங்கள் வெளியே தள்ளியிருந்தோம். இவ்வளவுக்கும் மிகுந்த அன்போடு.

டாக்டர் அறையில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள்: ஈரல் நோயோடு குடும்பமாக நலமுடன் வாழ்வது எப்படி என்று. அட்டையில் ஒரு குடும்பம் பழத்தட்டைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறது. உள்ளே உள்ளவை பயனுள்ள விஷயங்கள்தான், நான் பரிகசிக்கவில்லை. புரதத்தைக் குறைக்கக்கூடாது என்பதை அதில்தான் படித்தேன். முன்பெல்லாம் இந்த நோய்க்குப் பருப்பை நிறுத்திக் கஞ்சியில் விடுவார்கள்; அதனால் சதை கரைந்து நிலை மோசமாகிறது என்று கண்டு, இப்போது பருப்பும் தயிரும் தாராளமாகக் கொடு, படுக்கப்போகும் முன் ஏதாவது சாப்பிடக் கொடு என்கிறார்கள். இன்றும் எங்கள் உறவினர்கள் கீழாநெல்லியோடு கஞ்சியையும் சிபாரிசு செய்துகொண்டு வருகிறார்கள். ஆனால் 'நலமுடன்' என்ற அந்தச் சொல்லில் சண்டைக்கு இடமில்லை. பொறுமை, புன்னகை, நம்பிக்கை மூன்றும் உண்டு. பொறுமையைப் பற்றி எனக்கு இப்போது பெரிய சந்தேகம் இருக்கிறது. பொறுமை என்று நாங்கள் சொல்லிக்கொண்டதில் பாதி, ஸ்ட்ராஸன் சொல்லும் அந்த ஒதுங்கல்தான். ஒருவர் பேசுவதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதவனுக்குப் பொறுமையாக இருப்பதில் என்ன சிரமம்?

இலக்கியம் உதவவில்லை. வியாதி என்றதும் நம் நண்பர்கள் 'இவான் இலியிச்சின் மரணம்' என்பார்கள். டால்ஸ்டாய் அதை 1886 இல் வெளியிட்டார். அதற்கு மேலே ஒருவரும் எழுதிவிடவில்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இவான் இலியிச் சில மாதங்களில் செத்துப்போகிறான். சாவுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. எழுத்தாளனுக்கு அது சௌகரியம். ஆறு வருஷம், பத்து வருஷம் நீளும் வியாதிக்கு வடிவமில்லை, உச்சமில்லை, தரிசனமும் இல்லை. மருந்துச் சீட்டு இருக்கிறது. வியாதி ஏன் காதலைப்போல, யுத்தத்தைப்போல இலக்கியத்தின் பெரிய பொருளாகவில்லை என்று வர்ஜீனியா உல்ஃப் 1926 இல் கேட்டார். காசநோய்க்காவது ஒரு சோபை கிடைத்தது. 1948 இல் புதுமைப்பித்தனைக் கொண்டுபோன அந்த நோயைச் சுற்றி நம் தலைமுறைகள் ஒரு மேதைமைப் புகையைப் போட்டு வைத்திருக்கின்றன. ஸூஸன் ஸாண்டாக் 1978 இல் இந்தப் புகையைக் கலைக்கத்தான் ஒரு புஸ்தகம் எழுதினார். ஈரலுக்குப் புகையும் இல்லை, சோபையும் இல்லை. ப்ரொமிதியஸின் ஈரலைக் கழுகு கொத்தித் தின்றது என்று ஒரு கிரேக்கக் கதை. அதில்கூட ஈரல் தினம் வளர்ந்துவிடுகிறது. ப்ரொமிதியஸ் யார்மேலாவது எரிந்து விழுந்தானா, அவன் வீட்டார் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கதை சொல்லவில்லை.

இனி, நான் சொல்லத் தயங்கி இவ்வளவு தூரம் சுற்றிவந்த விஷயம். 2024 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா கையெழுத்தைப் போட்டுவிட்டு, நட்சத்திரத்தையும் வரைந்துவிட்டு, பேனாவை மூடாமலே சொன்னார்: "வீட்ட ரெண்டாப் பண்ணி உன் தங்கச்சிக்குப் பாதி எழுதிடலாம்னு பாக்கறேன்." தங்கை திருச்சியில் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீடு அப்பாவின் சுயார்ஜிதம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். வீடு எனக்குத்தான் என்று யாரும் எப்போதும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமலே இருந்தது, அதில் சந்தேகம் இல்லாததால்தான் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது. இரவில் எழுந்து பார்ப்பது நான். தஞ்சாவூருக்கு அழைத்துப் போவது நான். லீவு, லோன், ஆல்புமின் ஊசிக்கான பணம், எல்லாம்.

நான் நோட்டை எடுத்தேன். அவருக்குப் பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்து, அன்றைய கையெழுத்தை உற்றுப் பார்த்தேன்.

கையெழுத்து சரியாக இருந்தது. கோடு நேராக இருந்தது. இரண்டு புள்ளிகளும் இருந்தன. 2022 இல் முதலில் காணாமல் போனவை அந்தப் புள்ளிகள்தான். அதனால் எப்போதும் நான் முதலில் பார்ப்பது அவற்றை. நட்சத்திரத்துக்கு ஐந்து முனையும் இருந்தன. ஆனாலும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் எழுத்தின் சுழி நேற்றையதைவிடக் கொஞ்சம் அகன்றிருக்கிறதா? நட்சத்திரத்தின் கீழ்க்கால் சரிகிறதா? கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு காசோலையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டு அதன் கையெழுத்தைப் பார்க்கிற ஒரு பார்வை உண்டு. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், ஒப்புக்கொள்ளமாட்டோம். எந்த மனிதனும் தன் மாதிரிக் கையெழுத்தைப் போலவே இரண்டாம் தடவை போடுவதில்லை; தப்பு வேண்டுமென்று தேடுகிறவனுக்குத் தப்பு கிடைக்கும். அந்தப் பார்வையால் என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புத்தி கலங்கியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அதுவரை இந்த நோட்டின் தர்மம் பற்றி எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. வேவு பார்ப்பதுபோல் தெரிந்தாலும் அவர் உயிருக்காகச் செய்கிறோம், அவரும் சம்மதித்திருக்கிறார். ஆனால், பார்க்கிறவனுக்குப் பார்ப்பதில் ஆதாயம் இருக்கும் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. உண்மையில், ஆதாயம் இல்லாமல் வீட்டில் யார் யாரைப் பார்க்கிறோம்? அவர் எரிந்து விழுந்தால் அது அம்மோனியா என்பதில் அம்மாவுக்கு ஒரு ஆறுதல் உண்டு. அவர் என்னை மெச்சினால் அது தெளிந்த புத்தி என்பதில் எனக்கு லாபம் உண்டு. அவர் என் எழுத்தைப் பற்றி, "பத்து பேர் படிக்கறதுக்கு எதுக்குடா இத்தன கஷ்டம்" என்று சொன்ன நாளை நான் நோட்டில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். பிறகு புரட்டிப் பார்த்தபோது அன்றைய கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் பிறர் முகத்தைப் பார்த்துப் பத்திரம் எழுதியவர். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்க வரும்போது யார் கண் எங்கே போகிறது என்பது அவர் தொழில். என் கண் நோட்டின்மேல் போனதை அவர் பார்த்தார்.

"அப்படியே வச்சுக்க" என்றார். "டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட்டும் வாங்கிடு. நாளைக்கு நீயே கேஸ் போடுவே. அப்ப வேணும்."

ஒவ்வொரு உயிலிலும் செட்டில்மெண்ட்டிலும் ஒரு வரி வரும்: சுயபுத்தியோடும் நல்ல ஞாபகத்தோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி என்று. எத்தனை ஆயிரம் தடவை அவர் கை அதை எழுதியிருக்கும்! எழுதும்போது எதிரில் உட்கார்ந்திருக்கும் கிழவனின் பின்னால் எப்போதும் தூண்டுகிற ஒருவன் நின்றுகொண்டிருப்பான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த வரி பொய் என்று அவருக்குத் தெரியும். அது இல்லாமல் பத்திரம் நிற்காது என்றும் தெரியும். யாருடைய தூண்டுதலும் இல்லாத புத்தி என்று ஒன்று இருக்க முடியுமா என்பது தத்துவத்தில் ஒரு கேள்வி. பதிவு அலுவலகத்தில் அது ஒரு வாசகம்.

எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவரோடு சண்டை போட்டேன். முழுச் சண்டை. யார் ராத்திரி முழிக்கறது என்றேன், யார் பணம் என்றேன், எழுதவே வெட்கமாக இருக்கும் மற்றவற்றையும் சொன்னேன். அவரும் விடவில்லை. "பாத்துக்கறதுக்குக் கூலியாடா கேக்கறே? சொல்லு, நாள் கூலியா மாசச் சம்பளமா?" என்றார். அம்மா கையில் கரண்டியோடு நிலைப்படியில் நின்றாள். பாட்டிலை எடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, நான் அவர் கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, நடுக்கத்தைத் தேடவில்லை என்பது பின்னால்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கால் மணி நேரம் அவர் எனக்கு நோயாளியாக இருக்கவில்லை. என் பேராசைதான் அவரை அப்படி நிமிர்த்தி வைத்தது என்பதை நினைத்தால் வாழ்க்கையின் ஏற்பாடுகள்மீது ஒரு எரிச்சல்கூட வருகிறது.

வீடு இரண்டாக எழுதப்பட்டது. அம்மாவும் அவரும் இருக்கும்வரை அனுபவித்துக்கொள்ளலாம், பிறகு எங்கள் இருவருக்கும் சம பாதி. நகலை அவரே கையால் எழுதினார். இரண்டு நாள் பிடித்தது. டாக்டர் சான்றும் வாங்கினோம். எனக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தங்கை வரும்போது கொல்லைப்பக்கச் சுவரைப் பார்த்தால், எங்கே பிரியும் என்று கண் அளக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்கிறது. அப்பா கோபப்பட்டால் நாங்கள் முதலில் பதில் சொல்கிறோம். பிறகு, சந்தேகமிருந்தால், மருந்தைப் பார்க்கிறோம். இந்த வரிசையில் ஆபத்து இருக்கிறது. 2024 ஆடியில் ஒரு தடவை பதில் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டோம். உண்மையில் விஷம் ஏறிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் நினைவு தப்பிவிட்டது. ஐந்து நாள் ஆயிற்று திரும்பி வர. மருந்து முதலில் என்று வைத்திருந்தால் வீட்டிலேயே சரியாகியிருக்கலாம் என்று டாக்டர் கடிந்துகொண்டார். அவர் சொல்வது சரி. மறுபடி வரிசையை மாற்றலாமா என்று அம்மாவைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "பேசறதுக்குப் பேசுவோம், கையில பாட்டிலும் இருக்கட்டும்" என்றாள். இதை ஒரு தீர்வு என்று எந்தத் தத்துவ ஆசிரியனும் ஒப்புக்கொள்ளமாட்டான். நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம்.

அந்த ஐந்து நாளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அப்பா நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கோடு ஆடியது, ஒரு புள்ளிதான் இருந்தது. நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் கையெழுத்துக்குக் கீழே இடதுபக்கமாக, அவர் வழக்கமான இடத்தில், 'சாட்சிகள்' என்று எழுதி, ஒன்று இரண்டு என்று இலக்கம் போட்டார். "சாட்சியில்லாத கையெழுத்துக்கு என்ன மதிப்பு" என்றார். செட்டில்மெண்ட்டுக்கும் உயிலுக்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது சட்டம். அதிலிருந்து தினமும் மூன்று கையெழுத்து. அம்மா தன் பெயரை முழுதாக, பள்ளிக்கூடத்தில் எழுதினதுபோல, ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறாள். அதற்குள் பால் பொங்கிவிடுகிறது.

போன வாரம் ஆடிட் வேலை; ராத்திரி வெகுநேரம் ஆயிற்று. காலையில் அவசரமாகக் கிறுக்கிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்து இல்லையே" என்றார். "ராத்திரி தூங்கலையா? கையை நீட்டு, பாப்போம்."

நீட்டினேன்.